சைக்கிளுக்குக் கொம்பு முளைத்த கதை

இந்த வருஷத்து அறுப்பின் பண்டிகை முடிவதற்குள் ஒரு சைக்கிள் வாங்கிவிடுவது என்று தீர்மானித்தேன். தீர்மானிப்பதற்கு எனக்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. வாங்குவதற்குத்தான் தேவை.

சம்மதம் தரவேண்டியவள் கெசியா. என் மனைவி. பண்டிகை வந்தபோது கல்யாணமாகி ஏழு மாதம். எனக்கு வயது பத்தொன்பது. அவள் என்னைவிட ஐந்து மாதம் இளையவள். அந்த ஐந்து மாதத்தை வைத்துக்கொண்டு காலமெல்லாம் அதட்டலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். எனக்குக் கணக்கு எப்போதுமே வராது.

பரீட்சையிலும் அதுதான் நடந்தது. படிப்பு என்னை விட்டுவிட்டது என்று பாளையங்கோட்டையில் சிலர் சொல்லுவார்கள். பொய். நான்தான் அதை விட்டேன். மெட்ரிகுலேஷன் கணக்குப் பரீட்சை தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். எனக்கு முன்னால் இருந்தவன் எழுந்து காகிதத்தை நீட்டிவிட்டு நடந்தான். எனக்குப் பொறுக்குமா? பாதி எழுதியதை அப்படியே கொடுத்துவிட்டு, அவன் வாசலைத் தாண்டுவதற்குள் அவனை முந்திக்கொண்டு வெளியே வந்தேன். நான்தான் முதல். அவன் வயிற்றுவலி என்று எழுந்து போனவன் என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்தால் என்ன? முந்தியது முந்தியதுதானே.

இப்போது வண்ணார்பேட்டையில் குற்றாலலிங்கம் அண்ணாச்சி கடையில் இங்கிலீஷ் கடிதம் எழுதுகிறேன். அண்ணாச்சி நிலாவாரை இலையைச் சீமைக்குக் கப்பலில் அனுப்புகிறவர். அதைக் கஷாயம் போட்டுக் குடித்தால்தான் அங்கே துரைமார்களுக்கு வயிறு இளகுமாம். அண்ணாச்சியின் கை மட்டும் எந்தக் கஷாயத்துக்கும் இளகாது. மாதம் ஒன்பது ரூபாய். அதையும் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக் கொடுப்பதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கொடுப்பார். அந்த ஒன்பது ரூபாய்க்குத் தினம் போக இரண்டு மைல், வர இரண்டு மைல் நடக்கிறேன்.

இந்தச் சமயத்தில்தான் சாலை ஓவர்சியருக்குத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றல் வந்தது; பண்டிகைக்கு மறுநாள் புறப்பட வேண்டும். அவரிடம் ஒரு சைக்கிள் இருந்தது. கறுப்பு வண்டி. கைப்பிடியில் பித்தளை மணி. அந்த மணியை அவர் அடித்தால் தெருவில் கோழி முதல் குருவானவர் வரை ஒதுங்குவார்கள். விலை முப்பத்தைந்து ரூபாய் என்றார்.

பணம் இருந்தது. கல்யாணத்துக்குக் கொழும்பு மாமா என் கையில் கொடுத்த நாற்பது ரூபாய். என் கையில் கொடுத்தார் என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். கையிலிருந்து அது கெசியாவின் தகரப்பெட்டிக்குள் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. சாவி அவள் இடுப்பில். இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளாமல் அந்தப் பணத்தைத் தொடக்கூடாது என்று கல்யாணமான புதிதில், மயக்கத்தில், ஒப்புக்கொண்டு தொலைத்தேன்.

"சைக்கிள் வாங்கணும்" என்றேன்.

"பசு வாங்கணும்" என்றாள்.

"ஏளா, பசு மேல ஏறி நான் கடைக்குப் போக முடியுமா?"

"சைக்கிளக் கறந்து நான் காசு பார்க்க முடியுமா?"

"மணி இருக்குளா! பித்தளை மணி!"

"பசுவுக்கும் கட்டிக்கிடலாம். ஓரணாதான்."

மூன்று மாதம் இப்படியே ஓடியது. அவளுக்கும் அலுக்கவில்லை, பெட்டியும் திறக்கவில்லை.

சரி, இவளிடம் பேசிப் பயனில்லை, இவளுடைய குணத்தைப் பிடிக்க வேண்டும் என்று யோசித்தேன். எனக்கு மனிதர்களைப் பார்த்தால் தெரியும். ஒருவனிடம் ஒரு ரூபாயைக் கொடுத்துப் பாருங்கள், அவன் ஜாதகமே தெரிந்துவிடும். எங்கள் அண்ணாச்சி அதை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்; செத்தாலும் விரலைப் பிரிக்கத் தச்சன் வேண்டும். பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூட வாத்தியார் கிருபைராஜுக்கு எது மலிவாகக் கிடைத்தாலும் வேண்டும். பல் இல்லாத சீப்பைக்கூடப் பாதி விலை என்றால் இரண்டாக வாங்குவார். நேசையா உபதேசியார் இருக்கிறாரே, அவர் மகா தாராளம், அடுத்தவன் மடியில் இருக்கும்வரை. கெசியாவுக்குப் பயம். நாளைக்கு மழை பெய்யாமல் போய்விடுமோ, நான் வேலையை விட்டுவிடுவேனோ என்ற பயத்தில்தான் பெட்டியைப் பூட்டுகிறாள். நான்? நான் எந்த வகையிலும் சேராதவன். அதனால்தான் மற்றவர்களை இத்தனை சரியாக எடைபோட முடிகிறது.

கெசியாவின் பயத்தை ஜெயிக்க உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. வெட்கம். அதற்கு நான் பிரயோகம் செய்த ஆயுதம் கிருபைராஜின் மனைவி பாக்கியவதி. அந்த அக்கா ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் கிணற்றடியில் தொடங்கிக் கோவில் வாசலில்தான் முடிப்பாள்.

பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் கொல்லைக்குப் போனேன். கெசியா குனிந்து ஒரு முளைக்குச்சியைத் தரையில் அடித்துக்கொண்டிருந்தாள். துணி காயப்போடக் கொடி கட்டுகிறாள்போல. பெண்கள் வேலை, நான் கேட்கவில்லை.

"நாளைக்கு ஏலத்துல நான் வெறும் மடியோட நிக்கணுமா?" என்றேன் வருத்தமாக.

நம் சபையில் வழக்கம் தெரியும் அல்லவா? அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் விளைச்சலைக் கோவிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் ஏலம். எடுக்கிறோமோ இல்லையோ, ஆண்பிள்ளை மடி கனமாக இருக்க வேண்டும்.

"போன வருஷம் கிருபைராஜ் வாத்தியார் மடியைத் தட்டித் தட்டிச் சத்தம் காட்டினாரு. நான் வெறுங்கையோட நின்னா பாக்கியவதி அக்கா என்ன சொல்லுவா? கெசியா புருசன் ஓட்டாண்டின்னு சொல்லுவா."

அவள் முளையை அடிப்பதை நிறுத்தினாள். முகம் மாறியது. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

"நெசந்தான்" என்றாள் பைய. "அப்படிச் சொல்ல விடலாமா?"

உள்ளே போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. மூன்று மாதமாக நான் கேட்க ஏங்கிய சங்கீதம். நாற்பது ரூபாயையும் ஒரு துணியில் முடிந்து என் கையில் வைத்தாள்.

"ஒண்ணு சொல்லுதேன். ஏலம் முடியுற வரைக்கும் இருக்கணும். பாதியில எழும்பிப் போனீயன்னா, ரூவாயைக் காட்டிட்டு ஓடிட்டான்னு சனங்க சிரிக்கும்."

"முடியுற வரைக்கும் அசைய மாட்டேன்."

என் திட்டம் இதுதான். மடியைத் தட்டிக்கொண்டு நிற்பது. வாயைத் திறக்காமல் இருப்பது. ஏலம் முடிந்ததும் நேராக ஓவர்சியர் வீடு. அவர் மறுநாள் காலை ரயிலுக்குப் போகிறவர். வண்டியில் ஏறி மணி அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டால் கெசியா என்ன செய்ய முடியும்? சைக்கிளைப் பெட்டியில் வைத்துப் பூட்டவா முடியும்?

மறுநாள் ஏலம் தொடங்கியது. உபதேசியார் மேசைமேல் ஏறி நின்றார். வாழைத்தார் போயிற்று. பூசணி போயிற்று. ஒரே கோழிமுட்டை மூன்று தரம் ஏலம் போனது. எடுத்தவர்கள் எல்லாரும் திரும்பவும் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார்கள். முட்டைக்கு இவ்வளவு ஊழியம் இருக்கிறதென்று கோழிக்கே தெரிந்திருக்காது. நான் வாயைத் திறக்கவில்லை. மடியை மட்டும் தட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு பசு வந்தது. மேலப்பாட்டத்தில் உழுது பிழைக்கிற சம்சாரி ஒருவர், மாடுகளுக்குக் கோமாரி நோய் வந்தபோது இரண்டு உருப்படி பிழைத்தால் ஒன்று ஆண்டவருக்கு என்று பொருத்தனை செய்தாராம்; ஒரு வாரமாகக் கிணற்றடியில் இதே பேச்சாம். இரண்டும் பிழைத்தன; இது சினையாக வேறு இருந்தது. நான் பசுவைப் பார்க்கவில்லை. மர நிழல் எவ்வளவு நீண்டிருக்கிறது என்றுதான் பார்த்தேன். ஓவர்சியர் தூங்கிவிடக்கூடாதே.

"இருபது ரூவா!" என்றார் கிருபைராஜ்.

"இருபது ரூவா ஒருதரம்!" என்றார் உபதேசியார். "யோசிங்கவே, சினைப்பசு! கர்த்தருடைய பசு!"

கிருபைராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னவே சிகாமணி, மடி கனமா இருக்கு? நெல்லிக்காயா?"

"ரூபாய்" என்றேன்.

"அப்படியா! தட்டுத சத்தத்தப் பார்த்தா ஓடு கணக்கால்லா இருக்கு."

நாலு பேர் சிரித்தார்கள்.

"இருபத்தொண்ணு!" என்று ஒரு குரல் கேட்டது. யாரென்று திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவசரப்படாதியும்வே. வீட்டுல கேட்டுட்டு வாரும், நான் பைய நிக்கேன்" என்றார் கிருபைராஜ். "இருபத்திரண்டு."

"இருபத்தஞ்சு!"

"ஒம்பது ரூவாச் சம்பளத்துக்கு இது அதிகம்வே. இருபத்தாறு."

"முப்பது!"

உபதேசியார் முகத்தில் பரலோகமே தெரிந்தது. "முப்பது ரூவா! வாலிபப் பிள்ளைக்கு என்ன விசுவாசம் பாருங்க! வாத்தியாரே, நீரு தோத்துருவீரா?"

"தோக்கவா? முப்பத்தொண்ணு."

என் காதில் ரத்தம் ஏறிவிட்டது. முப்பத்திரண்டு என்றேன். அவர் முப்பத்துமூன்று. சைக்கிள், மணி, ஓவர்சியர், ரயில் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. உலகத்தில் கிருபைராஜும் நானும்தான் மிச்சம். அரை ரூபாய் ஏற்றினேன். அவர் முப்பத்துநான்கு என்றார்.

"முப்பத்தஞ்சு!" என்று கத்தினேன். பசுவே மிரண்டு இரண்டடி பின்னால் போனது.

கிருபைராஜ் பெண்கள் பக்கம் ஒரு தரம் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். உட்கார்ந்துவிட்டார். "ஜெயிச்சிட்டீருவே. ஒம்மகிட்ட நம்மால முடியாது."

மூணுதரம். கைதட்டல். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். பெரிய வெற்றி. என் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்தார்கள். அதன் மறுமுனையில் பசு இருந்தது. அப்போதுதான் என் புத்தி திரும்பி வந்தது, வயிற்றுவலி என்று தெரிந்த அன்றைக்கு வந்ததுபோலவே.

ஓவர்சியர் வீட்டு வழியாகத்தான் வரவேண்டியிருந்தது. சுவரில் சாய்ந்தபடி சைக்கிள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. பசு அந்த இடமாகப் பார்த்து நின்று சாணி போட்டது.

கெசியா பின்னாலேயே வந்தாள். "எனக்குப் பெருமையா இருக்கு. எதுத்தாப்புல யாருன்னு பாக்காம அவ்வளவு தைரியமா கேட்டீயளே! பாக்கியவதி அக்கா வாயடைச்சுப் போயிட்டா."

"உனக்குத்தான் பசு ஆசைன்னு வாங்கினேன்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"தெரியுமே" என்றாள்.

கொல்லையில் முளை தயாராக நின்றது. பக்கத்தில் புதுக்கயிறு. இரண்டு கட்டு வைக்கோல். நான் முளையைப் பார்த்தேன். கயிற்றைப் பார்த்தேன். கெசியா கையை நீட்டினாள்.

"மீதி அஞ்சு ரூவா? பருத்திக்கொட்டை வாங்கணும்."

மறுநாள் சாயங்காலம் வாசலில் கிணிங் கிணிங் என்று கேட்டது. அந்த மணியோசையை நான் தூக்கத்திலும் கண்டுபிடித்துவிடுவேன். ஓடினேன். ஓவர்சியர் சைக்கிளின்மேல் கிருபைராஜ் உட்கார்ந்திருந்தார்.

"முப்பது ரூவாய்க்கு விழுந்துதுவே! ரயிலுக்கு நேரமாச்சு, வேற ஆளில்லைன்னு அஞ்சு ரூவாயைத் தள்ளிட்டாரு. எல்லாம் ஒங்க வீட்டம்மா புண்ணியம்."

"அவ என்ன செஞ்சா?"

"பசுவை ஏத்தி விடுங்க, முப்பத்தினாலுல நிறுத்திக்கிடுங்க, சைக்கிளுக்கு அப்புறம் போட்டியே இருக்காதுன்னு சொன்னா. அவ சொன்ன கணக்கு ஒத்தை ரூவா பிசகல. நெல்லிக்காய்னு சொல்லச் சொன்னதும் அவதான்." மணியை இன்னொரு தரம் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் உள்ளே போய்க் குதித்தேன். "ஏளா! ஏமாத்தினியா?"

கெசியா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை. "நான் எங்க கை தூக்கினேன்? நீங்கதான் தூக்கினீய. சபை முழுக்கச் சாட்சி."

"பசு வேணும்னா நீயே வாங்கியிருக்கலாம்லா? சாவி உன்கிட்டதானே இருந்துது?"

"நான் வாங்கியிருந்தா அது கத்துத போதெல்லாம் நீங்க என்னைய ஏசுவீய. இப்ப யாரை ஏசுவீய?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். குரலில் கேலிகூட இல்லை. வைத்தியர் நோயாளியிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

"நீங்க கஞ்சனுமில்ல, செலவாளியுமில்ல. உங்களுக்குச் சாமானே வேண்டாம். அதை அடுத்தவன் கொண்டுபோயிரக் கூடாது, அவ்வளவுதான். ஏழு மாசமா அந்தப் பரீட்சைக் கதையை நாப்பது தடவை சொல்லியிருக்கீய. எனக்குக் காது இருக்குல்லா?"

அதற்குப்பிறகு நான் அவளிடம் பேசுவதில்லை என்று தீர்மானித்தேன். அந்தத் தீர்மானம் ராத்திரிச் சோறு வரைக்கும் நின்றது.

இரண்டாம் மாதம் பசு கன்று போட்டது. நல்ல கறவை. நான் இன்னமும் வண்ணார்பேட்டைக்கு நடந்துதான் போகிறேன். புறப்படுவதற்கு முன் பால் ஊற்றிவிட்டுப் போகவேண்டும். காலையில் மணி அடித்தால் பக்கத்து வீட்டுக் கிருபைராஜ் ஊருக்குக் காட்ட ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தெருமுனையில் சைக்கிளை நிறுத்திப் பாலுக்கு நிற்கிறார் என்று அர்த்தம்.

நேற்றைக்கும் அடித்தது. நான் அசையவில்லை. இனிமேல் அந்த மணிக்கு ஓடுவதில்லை என்று அப்போதுதான் ஒரு பெரிய தீர்மானம் செய்திருந்தேன்.

"மணி கேக்குல்லா?" என்றாள் கெசியா.

"கேக்குது. நிக்கட்டும்."

"நிக்கட்டும், நிக்கட்டும்" என்றாள். வாசலை எட்டிப் பார்த்தாள். "கீழத்தெரு பால்காரர் மந்திரமூர்த்தி செம்போட வேகமாப் போறாரு. வாத்தியாரப் பாத்துத்தான் போறாருபோல."

நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன்.