பட்டியலில் இல்லாத ஒன்பது பழங்கள்

அரசாங்க ஆராய்ச்சி ஒன்றை நான் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். தனியாக அல்ல. அமைச்சிலிருந்து வந்த ஐந்து பேருக்கும் பரிமாறிவிட்டுத்தான் சாப்பிட்டேன். (விருந்தோம்பலில் குறை சொல்ல முடியாது.)

சிம்பாங் ரெங்கம் என்ற ஊருக்கு வெளியே, அன்னாசித் தோட்டங்களுக்கு நடுவில் ஓர் அரசாங்க ஆய்வுக்கூடம். அதை நிர்வகிக்கும் பொறுப்பை எங்கள் பல்கலைக்கழகத்திடம் கொடுப்பதாகச் சில வருடங்களுக்கு முன் பேச்சு நடந்தது. நிலமும் கட்டடமும் அரசாங்கத்துடையவை. ஆட்களும் தலைவலியும் எங்களுடையவை. ஒரு வருடம் நடத்திக் காட்ட வேண்டும். அமைச்சின் குழு வந்து பார்த்துத் திருப்தியானால் ஒப்பந்தம். அதற்காகப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து அனுப்பப்பட்டவன் நான். அறிவியலில் என் தகுதி, பள்ளியில் தவளையை அறுக்கச் சொன்னபோது மயங்கி விழுந்தது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பட்டியல் போடுவது. எது அவர்களுடையது, எது எங்களுடையது என்று கழிவறை வாளி வரைக்கும் எண் போட்டு ஸ்டிக்கர் ஒட்டினேன். அங்கே திரிந்த நாய் மட்டும் தப்பியது, அதுவும் அது ஒத்துழைக்க மறுத்ததால். பட்டியலில் இல்லாத பொருளுக்குச் சொந்தக்காரர் கிடையாது என்பது அப்போது என் வேதம்.

ஆய்வாளர் டாக்டர் கோமதி நான்கு வருடமாக, மழைக்காலத்திலும் புளிக்காத அன்னாசி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். குழு வரும் நாளில் அவர்கள் கண்முன்னே பழங்களைப் பறித்து, எடை போட்டு, சாற்றின் இனிப்பை அளந்து காட்டுவதாகத் திட்டம். நிகழ்ச்சி நிரலில் அது 'தர மதிப்பீடு' என்று இருந்தது. ஏதோ கோப்புகளைப் புரட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டே தட்டச்சு செய்தேன்.

அன்று காலை பத்து மணித் தேநீருக்குச் சொல்லிவைத்த பலகாரம் வரவில்லை. பாத்திகளைக் கவனிக்கும் சந்திரன் அண்ணனை, போய்ப் பார்த்துவரச் சொல்லி அனுப்பினேன். டாக்டர் கோமதி குழுவை அழைத்துவரப் போயிருந்தார். வெறும் தேநீரோடா அமைச்சுக்காரர்களை உட்கார வைப்பது? ஜன்னல் வழியே பார்த்தால், பின்பக்கப் பாத்தியில் பழுத்த அன்னாசி ஒன்பது, ஒவ்வொன்றிலும் சிவப்பு ரிப்பன். 'கொஞ்சம் அலங்காரம் செய்யுங்கள்' என்று முந்தின நாள்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். என் வார்த்தைக்கு இவ்வளவு மரியாதையா என்று நெஞ்சு நிறைந்தது. எதற்கும் பட்டியலைப் புரட்டினேன். செடி இருந்தது, பழம் இல்லை.

வெட்டினேன்.

குழு வந்தது. டாக்டர் கோமதி கருவியைத் தயார் செய்ய நேராக உள்ளே போய்விட்டார். குழுத் தலைவர் டத்தோ பட்டம் பெற்றவர். அந்த டத்தோ நாலு துண்டு சாப்பிட்டுவிட்டு, எங்கே வாங்கினீர்கள் என்று மலாயில் கேட்டார்.

"எதுக்கு வாங்கணும் டத்தோ? நம்ம பாத்தியிலேயே இருக்கு," என்றேன். சிக்கனமான நிர்வாகம் என்று குறித்துக்கொள்வார் என்ற நப்பாசை.

அப்போது சந்திரன் அண்ணன் பலகாரப் பொட்டலத்தோடு பின்வாசலில் வந்து நின்றார்.

"சார், ரிப்பன் கட்டுன பழம் ஒன்னையும் காணோம்லா."

"பதறாதீங்கண்ணே. நான்தான் வெட்டினேன்."

"ஒன்பதையுமா?"

"ஏன், ஆறு பேருக்குப் பத்தாதா?"

அவர் தட்டைப் பார்த்தார். பொட்டலத்தை மெதுவாக மேசைமேல் வைத்தார். "அலமாக். டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க சார். நான் இன்னும் பலகாரம் வாங்கப் போனவனாவே இருந்துக்கிறேன்."

உள்ளே போய்ச் சொன்னேன். டாக்டர் கோமதி கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "அளக்க ஒரு சொட்டுச் சாறு போதும் சார். ஏதாச்சும் மிச்சம் இருக்கா?" என்றார்.

ஓடினேன். தட்டு காலி. டத்தோவின் முள்கரண்டியில் மட்டும் ஒரே ஒரு துண்டு, வாய்க்குப் பாதி வழியில். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பிடுங்கினேன்.

"இது எந்தச் செடியோடது?" என்றார் டாக்டர் கோமதி.

"தெரியலயே."

"ரிப்பன்ல நம்பர் எழுதியிருந்தேனே?"

ரிப்பன்களைக் கழற்றித் தட்டைச் சுற்றி அழகாகக் கட்டியிருந்தேன்.

"உப்பு போட்டீங்களா?"

"மிளகாய்த்தூளும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நாலு வருஷம் சார்," என்றார். இதற்கு மட்டும் அடைப்புக்குறிக்குள் போட என்னிடம் எதுவும் இல்லை.

ஒப்பந்தம் தள்ளிப்போனது. அதே செடிகளின் பக்கக்கன்றுகள் வளர்ந்து காய்க்கட்டும், அளந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்றார்கள். அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை என்னையும் அங்கேயே விட்டுவைத்தார்கள். இந்த முறை ரிப்பன் கட்டியதும் நான்தான், குரங்கு விரட்டியதும் நான்தான். (குரங்குகள் என்னைச் சக ஊழியனாகவே பார்த்தன.)

பழம் வந்தது. அளந்தார்கள். டாக்டர் கோமதி நினைத்ததைவிட நல்ல அளவு. ஒப்பந்தத்தின் பட்டியலில் 'செடியிலுள்ள பழங்கள் உட்பட' என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது. அறிவியலுக்கு என் பங்களிப்பு அந்த வரிதான். இன்றும் வீட்டில் நான் ஒரு மாம்பழத்தின் மேல் கை வைத்தால் போதும், "லிஸ்ட்ல பாத்துட்டீங்களா?" என்கிறாள் மனைவி. மகள் ஒருபடி மேலே போய் வாழைப்பழச் சீப்பில் சிவப்பு ரிப்பன் கட்டி வைக்கிறாள்.

கையெழுத்தான அன்று, டாக்டர் கோமதி தம் கையாலேயே ஒரு பழத்தை வெட்டி டத்தோவிடம் நீட்டினார். அவர் கண்ணை மூடி மென்றார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா போன தடவை இவர் கொடுத்தது இன்னும் இனிப்பு."

ஒரு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக நிமிர்ந்து நின்றேன்.

டாக்டர் கோமதி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அது இவரால இல்ல டத்தோ," என்றார். "உப்பால."