ஊறவைத்த பைன் காயும் தீக்குச்சியும்

நெருப்பைக் கண்டுபிடித்தது யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆள் கண்டுபிடித்தது சரிதானா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் தீக்குச்சிதான். ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் அவரோடு ஒரே அறையில் குடியிருந்தவன் நான். சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன்.

ஆள் ஒல்லி. தலையில் மட்டும் ஒரு மரக்கால் அளவு சுருட்டை முடி. அதைப் பார்த்து நம் பையன்கள் வைத்த பேர் தீக்குச்சி. பெற்றவர்கள் வைத்த பேரை அவருடைய பாஸ்போர்ட்டில் ஒருமுறை பார்த்தேன், மறந்துவிட்டது. அறுபதுகளின் கடைசி அது. அவர் ஒரு கம்பெனி லாபில் கெமிஸ்ட், நான் யூனிவர்சிட்டியில் ஆராய்ச்சி மாணவன். இரண்டு பேரும் சைவம். கேன்டீனில் எங்களுக்கென்று இருந்தது உருளைக்கிழங்கு. திங்கட்கிழமை வேகவைத்தது, செவ்வாய் மசித்தது, புதன் வறுத்தது, வியாழன் மறுபடி வேகவைத்தது. வெள்ளிக்கிழமை நான் ஊருக்குப் போகிற கப்பலைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

அறையில் சமைக்கக் கூடாது என்று வீட்டுக்காரம்மா எழுதிக் கதவிலேயே ஒட்டியிருந்தார். தீக்குச்சி அதை மூன்று தடவை படித்தார். "அறையிலதானேய்யா கூடாதுன்னு போட்டிருக்கு? கொல்லையைப் பத்திப் பேச்சே இல்லையே."

வீட்டுக்காரம்மா அந்த ஊர் மலையேறும் சங்கத்துக்குச் செயலாளர். அது தெரிந்துதான் தீக்குச்சி விண்ணப்பம் எழுதினார். கேம்ப் அடுப்பைப் பற்றவைக்க எது சிறந்தது என்று ஒப்பிட்டு ஆராயப் போவதாகவும், கொல்லையில் மாலை ஆறு முதல் ஏழு வரை அனுமதி வேண்டும் என்றும் கேட்டிருந்தார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். 'சோதனைக்கு மட்டும்' என்று டைப் அடித்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

சோறு பொங்க நல்ல சாக்கு கிடைத்தது என்று நான் நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன். மனுஷன் நிஜமாகவே ஒரு பெரிய நோட்டு வாங்கிக் கட்டம் போட்டார்.

"என்னய்யா இது?"

"சோதனைன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். சோதனை நடக்கணும். கொதிக்கிற தண்ணில அரிசி கிடந்தா ஆராய்ச்சிக்குக் கெடுதல் இல்ல. அவ்வளவுதான் உனக்குச் சலுகை."

புத்தகம் மாதிரி மடிக்கிற தகர அடுப்பு. அதில் சுள்ளியை அடுக்கி, அடியில் அன்றைக்கு எது முறையோ அதை வைப்பார். மெழுகில் தோய்த்த தீக்குச்சி, பெட்ரோல் லைட்டர், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு, சைக்கிள் டியூப் துண்டு, பிர்ச் மரப்பட்டை என்று பெரிய பட்டியல். ஒவ்வொன்றும் காய்ந்த நிலையில் ஒரு நாள், பக்கெட் தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து ஒரு நாள். லைட்டர் நாளில் எங்களுக்கு ரசம் சாதம், ஊறின பஞ்சு நாளில் பட்டினி. சிக்கிமுக்கிக் கல் முறை வந்த அன்று ஒரு மணி நேரம் தட்டினார். ஏழு அடித்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். அரிசி போட்டது போட்டபடி கிடந்தது.

"பாக்கெட்லதான் லைட்டர் இருக்கே, எடுய்யா. பசிக்குது."

"இன்னிக்குக் கல்லோட முறை. பசிக்கு இந்த நோட்டுல இடமில்ல."

அப்புறம் வந்தது ஊறவைத்த பைன் காய். காட்டில் இலவசமாகக் கிடைப்பது. இதழ் இதழாக இருக்கும். பக்கெட்டிலிருந்து எடுத்தபோது அது சொட்டிய சொட்டில் என் வயிறு காய்ந்தது. அவர் கடிகாரம் எடுக்க உள்ளே போனார். என் சட்டைப் பையில் அம்மா பூஜைக்கென்று அனுப்பிய கற்பூரம் இருந்தது. இரண்டு வில்லையைப் பைன் காயின் இதழ் இடுக்கில் செருகிவிட்டு, வானத்தைப் பார்த்து நின்றேன்.

ஒரே குச்சி. குப்பென்று பிடித்தது. தீக்குச்சி மூக்கை உறிஞ்சினார்.

"கோயில் வாசனை வருதே?"

நல்லவேளை, பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார். "ஆமா, கற்பூரத்தையே பைன் மரத்து டர்பன்டைன்லேருந்துதானே செய்யறான்! வாசனை வராம என்ன?" நோட்டில் 'நறுமணம்' என்று எழுதினார். "ஒரு தடவை வந்தா தற்செயல். மூணு தடவை வந்தாதான் உண்மை" என்றும் சொன்னார். ஆகவே மூன்று நாளும் அந்தத் திருட்டு வேலையைச் செய்தேன். மூன்று நாளும் வயிறாரச் சாப்பிட்டேன். பைன் காய் நூற்றுக்கு நூறு வாங்கி முதலிடத்துக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டிலிருந்து பெருங்காய வாசனை பற்றிப் புகார். வீட்டுக்காரம்மா நேரே வந்தார். ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வந்து சங்கத்தார் முன்னால் முடிவைச் செய்து காட்டுங்கள், ஆராய்ச்சி உண்மையென்றால் அனுமதி நீடிக்கும், இல்லையென்றால் அன்றோடு ரத்து என்றார். எங்கள் சோறு அந்த மலையில் போய் மாட்டிக்கொண்டது.

"பஞ்சு, லைட்டர் எல்லாம் எடுத்துக்கலாம்யா" என்று கெஞ்சினேன்.

"எதுக்கு? முதல் மார்க் வாங்கினவன் போதும்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, மிச்சமிருந்த இரண்டு வில்லையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன், கடைசி நிமிஷத்தில் செருகிவிடலாம் என்று.

மலையில் தூறல். இருபது பேர், முழங்கால் வரை கால்சட்டை, கையில் கிண்ணம், பட்டாணி சூப்புக்குக் காத்திருந்தார்கள். தீக்குச்சி மாப்பிள்ளை மாதிரி நடுவில் நின்று பைன் காயின் பெருமையை விளக்கினார். 'தெய்வீக நறுமணம்' உட்பட. நான் மெல்ல நகர்ந்து போவதற்குள் வீட்டுக்காரம்மா தாமே பைன் காயைப் பக்கெட்டில் ஊறவைத்து, தாமே அடுப்பில் வைத்து, பக்கத்திலேயே குந்திவிட்டார்.

முதல் குச்சி அணைந்தது. "காத்து" என்றார் தீக்குச்சி. நாலாவது குச்சிக்கு மழைக்கோட்டின் ஓரத்தை விரித்து அணை பிடித்தார். எட்டாவதும் அணைந்ததும், கருகிய குச்சிகளை இரண்டு தடவை எண்ணினார். அவர் எதையும் இரண்டு தடவை எண்ணி நான் பார்த்ததேயில்லை. எனக்குத் தாங்கவில்லை.

"யோவ், நிறுத்துய்யா. மூணு நாளும் நான்தான் உள்ள கற்பூரம் வச்சேன்."

என்னையே பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். மழைக்கோட்டுக்குள் கைவிட்டு நோட்டை எடுத்தார்.

"எத்தனை வில்லை?"

"ரெண்டு."

"மூணு நாளும் ரெண்டா? சரியா யோசிச்சுச் சொல்லு."

"ரெண்டுதான்யா."

"இப்ப இருக்கா?"

நீட்டினேன். அவர் நிமிர்ந்து நின்று, கணீரென்ற ஜெர்மனில், தம்முடைய முடிவு தவறு என்றும், ஊறவைத்த பைன் காய் எட்டுக் குச்சியிலும் தோற்றது என்றும், நோட்டில் பதிவாகாத இன்னொரு பொருள் இருப்பதாக இப்போதுதான் தெரிந்தது என்றும் அறிவித்தார். கற்பூரத்தைப் பக்கெட்டில் முக்கி எடுத்துத்தான் வைத்தார். அந்த நேரத்திலும் விதி விதிதான். ஒரே குச்சியில் பற்றியது. சூப் கொதித்தது.

வீட்டுக்காரம்மா சூப்பைக் கிண்ணம் வழித்துக் குடித்தார். மறுநாள் புது அனுமதிக் கடிதம் வந்தது. பழைய வாசகமேதான், கூட ஒரு வரி. 'சோதனைப் பொருளை இரண்டாமவர் தொடக் கூடாது.'

அடுத்த வருஷம் தீக்குச்சிக்கு ஹனோவரில் வேலை கிடைத்தது. ரயிலில் ஏறும்போது நோட்டை என் கையில் திணித்தார். "சோதனை நடந்தாதான் அனுமதி. நோட்டு இருந்தாதான் உனக்குச் சோறு. நிறுத்திடாத." அறைக்கு வந்து கற்பூரத்தின் பக்கத்தைப் புரட்டினேன். குறிப்புக் கட்டத்தில் அவருடைய பொடி எழுத்து:

'கலந்தவர்: அறைத்தோழர். காரணம்: பசி. மற்றபடி நம்பலாம்.'

அதற்கப்புறம் என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவர்கள் உண்டு. தீக்குச்சி மாதிரி சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னவர்கள் யாருமில்லை.