இருபத்துமூன்று ஜங்கி பனியன்கள்

மங்கலம் ரோடு,
திருப்பூர்.
19.10.2007

அவிநாசியில் அரிசி மண்டி வைத்து நாலு பேருக்கு நல்லவராக வாழும் வேலுமணி மச்சான் அவர்களுக்கு, மயில்சாமி இரு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும், வீட்டுக்காரி மயிலாத்தாளும், பெண் பிரியங்காவும் உடம்பளவில் சுகம். தங்கள் வீட்டிலும் எல்லோரும் சுகமாக இருக்க அவிநாசியப்பர் துணை நிற்கட்டும்.

'மச்சான்' என்று எழுதலாமா கூடாதா என்று அரைமணி நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தேன். சம்பந்தம் வேண்டாம் என்று தரகர் ஆத்தப்பன் மூலம் சொல்லி அனுப்பிவிட்டீர்கள். ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. பதினோரு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. நேரில் சொல்லும்வரை நீங்கள் எனக்கு மச்சான்தானுங்க, தப்பாக நினைக்கக் கூடாது.

ஆத்தப்பன் வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, "போதைக்காரக் குடும்பத்துல பொண்ணெடுக்க மாட்டாங்களாமுங்க. உங்க சனம் மொத்தமும் அதைய நெஞ்சுல எழுதிப் போட்டுட்டு நின்னீங்களாமா" என்றார். என் வீட்டுக்காரி கையிலிருந்த சொம்பைக் கீழே போட்டுவிட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பெண் பார்க்க வந்தபோது நானும், தம்பிமாரும், பங்காளிகளும், எழுபத்தெட்டு வயதுப் பெரியப்பாவும் ஆக இருபத்துமூன்று ஆண்கள் வேட்டிக்கு மேல் ஒரே மாதிரி மெரூன் கலர் பனியன் போட்டு வாசலில் வரிசையாக நின்று கும்பிட்டோம் அல்லவா, அந்தப் பனியனில்தான் வினை இருந்திருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், தயவுசெய்து கடைசிவரை படிக்கோணும்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் பிரிண்டிங் மாஸ்டர். இருபத்தாறு வருசமாகப் படிக்கத் தெரியாத பாஷையெல்லாம் அடித்துக்கொண்டிருக்கிறேன். பிரெஞ்சு அடித்திருக்கிறேன், ஜெர்மன் அடித்திருக்கிறேன். மேலே கீழே மாறாமல் இருக்கிறதா, சாயம் பிடித்திருக்கிறதா, அவ்வளவுதான் நாங்கள் பார்ப்பது. ஆகஸ்ட் மாதம் ஒரு வெளிநாட்டு ஆர்டர் வந்தது. நெஞ்சில் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை, இரண்டு கலர். ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன், அதனால் ஒரு வார்த்தையை முதலில் அடித்துக் காயவைத்த பிறகுதான் அடுத்ததை அடிக்க முடியும். கீழே வெள்ளையில் 'ஜங்கி' என்று அடித்துவிட்டோம். மேலே காப்பிக் கலரில் 'காஃபி' என்று அடிப்பதற்குள் ஆர்டர் கேன்சல் என்று மெயில் வந்துவிட்டது. முதலாளி, "மயில்சாமி, நீயே எடுத்துக்க, சனத்துக்குக் குடு" என்றார். கேன்சலான பீஸை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து உடுத்துவதுதானே நம் பக்கத்து வழக்கம். தீபாவளிக்கு என்று எடுத்து வைத்திருந்தேன். நீங்கள் வருகிறீர்கள் என்றதும், ஒரே மாதிரி நின்றால் வீடு ஒற்றுமையான வீடு என்று உங்களுக்குத் தெரியட்டுமே என்று நான்தான், இந்த மடையன்தான், எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தேன்.

உங்கள் பையன் பூபாலன் காரை விட்டு இறங்கினார். எங்களைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. காப்பியில் ஒரு வாய் குடித்தவர் டம்ளரை வைத்துவிட்டு, பெண்ணைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். பெரியப்பா வேறு, மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று நினைத்து, அதே பனியனோடு கார் கண்ணாடியில் நெஞ்சை ஒட்டிக்கொண்டு, "எறங்குங்க சாமி, பலகாரம் சாப்டுங்க" என்று கூப்பிட்டார்.

ஆத்தப்பன் வந்துபோன நாளிலிருந்து அந்த வார்த்தைக்கு அர்த்தம் தேடி அலைந்தேன் மச்சான். வெளிநாட்டு ஆர்டரைப் பேசி முடிக்கும் எங்கள் கம்பெனி மெர்ச்சண்டைசரைக் கேட்டால், "எழுத்து சரியா இருக்குதா, கலர் சரியா இருக்குதா, அதுக்கு மேல நமக்கெதுக்குங்க" என்கிறார். முப்பது வருசம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவரிடம் போனேன். அவர் தாத்தா காலத்து டிக்சனரியைப் புரட்டி, சீனாக்காரன் கப்பலுக்கு இதுபோல ஒரு பெயர் உண்டு, கப்பல் நல்ல சகுனம்தான் என்று திருநீறு பூசி அனுப்பினார். பாங்கு மேனேஜருக்குத் தெரியவில்லை. எம்.ஏ. படித்த மூன்று பேருக்குத் தெரியவில்லை. கடைசியில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கும் அனுசுயா என்கிற அம்மணிதான் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து விவரம் சொன்னார்.

அதன்படி, ஜங்கி என்றால் அபின், ஊசி மருந்து இதற்கெல்லாம் அடிமையாகி, வீடு வாசல் மறந்து கிடக்கிறவர். புத்தகப் பேச்சல்ல, தெருப் பேச்சு. மரியாதையில்லாத பேச்சும்கூட. நோயாளியைப் பார்த்துச் சொல்லவே கூடாதாம், மனசு நொந்துபோகுமாம். ஆனால் அந்த ஊர்க்காரர்களே அதற்கு முன்னால் வேறொன்றைச் சேர்த்து விளையாட்டாகச் சொல்லிக்கொள்வார்களாம். காப்பி இல்லாமல் இருக்க முடியாதவர் காஃபி ஜங்கி, ஓயாமல் சினிமா பார்ப்பவர் சினிமா ஜங்கி. ஆக, மேல் வார்த்தை இருந்திருந்தால் நாங்கள் காப்பிப் பிரியர்கள், அவ்வளவுதான். ஒரு ஸ்கிரீன் அடிக்காமல் விட்டதால் இருபத்துமூன்று பேரும் அபின்காரர்கள் ஆகிவிட்டோம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். ஒரு பொய்யும் சொல்லாமல் என் மகள் கல்யாணம் நின்றுபோயிற்று.

எங்கள் வகையறாவில் வெற்றிலைக்கு மேல் எதையும் தொட்டவர் கிடையாது. தாங்கள் போதை என்கிற வாடையே அறியாத சுத்தமான குடும்பம், அது எனக்குத் தெரியும். உங்கள் தகுதிக்கு எங்கள் நிலைமை அருவருப்பாகத்தான் பட்டிருக்கும். பிரியங்கா ஐந்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பனியன் செக்கிங் வேலைக்குப் போனால் கூட இருக்கிற பிள்ளைகள், ஏன் வேண்டாமென்றார்கள் என்று கேட்கிறார்களாம். ஒரே மகள், மச்சான். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், மனசு மாற வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. மண்டி செழிக்கட்டும், பெருமாளும் ஈசனும் உங்கள் வாசலில் காவல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தயவை நாடும்
ப. மயில்சாமி

பின்குறிப்பு: ஒட்டிய கவரைக் கிழித்து இதை எழுதுகிறேன். தபாலில் போடும் முன் பிரியங்கா கேட்டதால், கவரைப் பிரித்துக் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "ஏனுங்கப்பா, இத்தனை படிச்சவிங்களுக்குத் தெரியல. அவருக்கு மட்டும் பாத்த ஒடனே எப்புடித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள். "பெங்களூர்ல வேலை பாத்த பையன் கண்ணு, தெரியாதா" என்று அதட்டினேன். அவள், மாப்பிள்ளையின் ஜாதகத்தாளுக்குப் பின்னால் இருந்த நம்பருக்கு, என் முன்னாலேயே ஸ்பீக்கரில் போன் போட்டு, அதையே அவரிடம் கேட்டாள்.

பூபாலன் சொன்னார். பெங்களூரில் மூன்று வருசம் ஊசியில் கிடந்தாராம். எட்டு மாதம் வைத்தியம், நீங்கள்தான் கொண்டுபோய்ச் சேர்த்தீர்களாம். இப்போது இரண்டு வருசமாகத் தொடுவதில்லையாம். "அங்க என்னைய அப்புடித்தாங்க கூப்புட்டாங்க. நீங்க எல்லாரும் அதைய எழுதிப் போட்டுட்டு வரிசையா நின்னதும், தெரிஞ்சுக்கிட்டு என்னையக் கேவலப்படுத்தத்தான் வரச் சொல்லியிருக்கீங்கன்னு நெனச்சுட்டேனுங்க" என்றார். நான் போனை வாங்கி மன்னிப்புக் கேட்டேன். எழுபத்தெட்டு வயசுக் கிழவனைக் கார்வரைக்கும் அந்தப் பனியனோடு போகவிட்டவன் நானல்லவா. "பரவாலீங்க மாமா" என்று மட்டும் சொன்னார். நான் அழுதுவிட்டேன்.

வேலுமணி, மேலே எழுதியதில் காலில் விழுவதாக ஓர் இடத்தில் வருகிறது, அதை அடித்துவிட்டுப் படிக்கவும். உங்கள் மகன் பட்டது நோய், அதில் எனக்குக் கோபமில்லை. பெற்ற மகனைக் குத்திய அதே சொல்லை எடுத்து என் குடும்பத்தின் மேல் வீசினீர்களே, அதற்குத்தான் வயிறு எரிகிறது. நான் இன்னும் ஒன்றும் முடிவு பண்ணவில்லை. பிரியங்கா, "வரச் சொல்லுங்கப்பா, பேசிப் பாக்கறேன்" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் வாருங்கள். மாப்பிள்ளை எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அவர் சொல்லிவிட்டார். நீங்கள்தான் சொல்லோணும்.