இல்லாத கார்டின் திமிர்

"மறுபடியும் செத்துப்போச்சா?" என்று மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"நான்தான் சார் சாகணும்," என்றார் கெர்னல்காரர். அவர் முன்னால் திரை கறுத்துக் கிடந்தது. திங்கள் முதல் இன்று வெள்ளி வரை தினமும் இதே எழவுதான்.

அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது ஒரு நெட்வொர்க் கார்டோடு. கையால் தொடுகிற கார்டு இல்லை. கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டி, அதற்குள் கார்டு இருப்பதாக ஒரு புரோகிராம் நடிக்கும். அதை எழுதுவது நாலாவது மாடி. அந்த நடிப்பை நம்பி, இயங்குதளத்தின் மூளையான கெர்னல் அதோடு பேச வேண்டும். பேச வைப்பது இவர் வேலை. இன்றைக்குள் பேசினால்தான் பத்து நாள் லீவு. மூன்று வருஷத்தில் முதல் லீவு. ஏழு மணிக்கு ரயில்.

திங்கட்கிழமை, கெர்னல் "இருக்கியா?" என்று கேட்பதற்குள் கார்டு "இருக்கேன்" என்றது. முந்திரிக்கொட்டை! தொலையட்டும் என்று, கேள்வியை எடுத்துவிட்டு, கெர்னலைச் சும்மா காத்திருக்கச் சொன்னார்.

செவ்வாய் காலை வந்த புதுக் கார்டு, கேட்டால்தான் சொல்வேன் என்று கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சாயங்காலம் வரை வாயே திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கேள்வியைத் திரும்பச் சேர்த்தார்.

புதன்கிழமை கார்டு மறுபடியும் முந்திரிக்கொட்டை. இரண்டும் ஒரே நேரத்தில் பேசி மெஷின் நின்றது. கேள்வியை மறுபடியும் எடுத்தார்; வியாழக்கிழமை கார்டு மறுபடியும் கல்லுளிமங்கன். பொறுமை போய், பதில் வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இரு என்று கெர்னலை ஏவிவிட்டார். வெள்ளிக்கிழமை, ஒவ்வொரு கேள்விக்கும் கார்டு பத்துப் பதிலை அள்ளிக் கொட்டியதில் கீபோர்டும் சேர்ந்து செத்தது.

"எந்த மடையன் சார் இதை எழுதறான்? நேர்ல போய் நாக்கைப் பிடுங்கற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

"அதெல்லாம் நம்ம ஆபீஸ்ல கிடையாது. கம்ப்யூட்டர்ல புகார் டிக்கெட் போடுங்க."

"பன்னெண்டு போட்டாச்சு சார்! ரயிலுக்கே ரெண்டு டிக்கெட்தான் போட்டேன்!"

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, பெட்டி கட்டியாச்சு. கிளம்பிட்டீங்களா?"

"ஒரு சனியன் விடமாட்டேங்குது."

"யாரு?"

"அப்படி ஒண்ணு இல்லவே இல்ல."

"இல்லாததோட எதுக்குங்க சண்டை? ஆறு மணிக்கு வரலேன்னா நான் மட்டும் போயிடுவேன். பேசாம அதையே கட்டிக்கிட்டு அழுங்க!"

போன் பட்டென்று நின்றது. அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. மேனேஜர் கூப்பிடக் கூப்பிட, லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியேறினார். வழியெல்லாம் வசவுகளை வரிசைப்படுத்திக்கொண்டே போனார்.

நாலாவது மாடியில் ஒரே ஒரு பெண், ஆறிப்போன காபிக் கோப்பைகளுக்கு நடுவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இந்தக் கார்டு... பண்றது... யாரு?" மூச்சிரைத்ததில் வசவு ஒன்றும் வெளியே வரவில்லை.

"நான்தான்." அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நீங்களும் திட்டத்தானே வந்தீங்க? உக்காருங்க சார், முதல்ல என் வயித்தெரிச்சலைக் கேளுங்க. கீழ கெர்னல் எழுதற ஒரு மூர்க்கன் இருக்கான். ஒருநாள் கேள்வி கேக்கறான், மறுநாள் ஊமையா நிக்கறான், தினமும் அவன் எழுதினதைப் பாத்துப் பாத்து அதுக்கேத்த மாதிரி கார்டை மாத்தி மாத்தியே என் லீவு போச்சு சார்!"