ஐந்து சட்டைப் பைகளும் ஒரு சாவியும்

ஊசியைக் கையால் தொடுவதில்லை என்று நான் போன மாதம் முடிவெடுத்தேன். போகிற போக்கில் எடுத்த முடிவில்லை. சாப்பாட்டு மேசையை ஓங்கித் தட்டி, தம்ளர் தண்ணீர் சிந்த, பக்கத்து வீட்டுக்கே கேட்கும்படி எடுத்த முடிவு.

காரணம் உண்டு. சனிக்கிழமை மத்தியானம் ஆனால் என் மனைவியின் ஒட்டுப்போர்வைச் சங்கம் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடிவிடும். பழைய துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டுவார்கள். ஒன்றோடொன்று ஒட்டித் தைப்பார்கள். அடியில் பஞ்சு வைத்து, கட்டில் அகலத்துக்கு ஒரு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுற்றி உட்கார்ந்து தையல் போடுவார்கள். எல்லாம் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் குழந்தைகளுக்காக. நல்ல காரியம். நல்ல காரியத்துக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அந்த மரச்சட்டத்தின் ஒரு முனை என் சோபாவின் மேல்தான் உட்காரும். சனிக்கிழமை மத்தியானம் அந்த சோபாவில் தூங்குவதற்காகத்தான் நான் வாரத்தின் மற்ற நாட்களில் உழைக்கிறேன்.

இதில் என்னையும் சேர்க்கப் பார்த்தாள்.

"ஏங்க, நீங்க வாட்ச் ரிப்பேர் பண்றவரு. கண்ணுக்கே தெரியாத ஸ்க்ரூவெல்லாம் மாட்டுறீங்க. ஊசியில நூல் கோக்க முடியாதா? சங்கத்துல பாதிப் பேருக்கு வெள்ளெழுத்து."

"முடியாது."

"ரெண்டு மணி நேரம்தாங்க."

"நான் ஆம்பளை!"

"தெரியும். கல்யாணத்தன்னிக்கே சொன்னாங்க."

"இந்த ஜென்மத்துல ஊசியைத் தொட மாட்டேன். இதுதான் என் கடைசி முடிவு."

"சரி," என்றாள்.

அவள் "சரி" என்று சொன்னபோதே நான் பயந்திருக்க வேண்டும். நானோ ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் இன்னொரு கை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இப்போது என் ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். எனக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பை நிறுத்தச் சொன்னார் டாக்டர். நிறுத்திவிட்டேன், மனைவியின் கண்ணெதிரே. வீட்டின் முன்னறைதான் என் கடை. அங்கே வேலை மேசைக்கு அடியில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. மேலே "உதிரி பாகங்கள்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். உள்ளே இருப்பது தங்கத்தாள் சுற்றிய முந்திரி சாக்லேட். உதிரி உதிரியாகத்தான் போட்டு வைத்திருக்கிறேன், அதனால் பொய் எழுதியதாக ஆகாது.

பெட்டிக்கு ஒரு பூட்டு. பூட்டுக்கு ஒரே சாவி. சாவி என் சட்டைப் பையில். எந்தச் சட்டை என்று கேட்டால்தான் தலை சுற்றும். ஒரே துணிச் சுருளை மலிவாக வாங்கி, ஒரே டெய்லரிடம் கொடுத்து, ஆறு சட்டை தைத்திருந்தேன். ஆறும் நீலக் கட்டம். திருப்புளி போட்டுப் போட்டுப் பை கிழிகிறது என்று டெய்லர் எல்லாப் பைகளுக்கும் இரட்டைத் தையல் போட்டு, மூடி வைத்து, பொத்தானும் வைத்திருந்தார். சாவி அன்றன்றைக்கு ஏதோ ஒன்றில் இருக்கும்.

மேசையைத் தட்டிய மூன்றாம் நாள் அலமாரியைத் திறந்தேன். நீலக் கட்டம் ஒன்றுகூட இல்லை. என் உடம்பில் இருந்ததுதான் மிச்சம். அதன் பையைத் தடவினேன். திருப்புளி இருந்தது. சாவி இல்லை.

"ஏம்மா, என் சட்டையெல்லாம் எங்க?"

"போர்வைக்குக் கொடுத்துட்டேனே."

"யாரைக் கேட்டுக் கொடுத்த?"

"உங்களைத்தான். கண்ணுல பூதக்கண்ணாடிய மாட்டிக்கிட்டு வாட்சுக்குள்ள குனிஞ்சிருந்தீங்க. 'அஞ்சு சட்டை பழசாயிடுச்சு, எடுத்துக்கட்டுமா'ன்னேன். 'உம்'முன்னீங்க."

"நான் வாட்சைப் பார்த்து 'உம்'முன்னேன்!"

"அது எனக்கு எப்படித் தெரியும்? ஏன், பாக்கெட்ல ஏதாவது வச்சிருந்தீங்களா?"

உண்மையைச் சொன்னால் பெட்டி போகும். சொல்லாவிட்டால் சாவி போகும்.

"ஒண்ணுமில்ல. சும்மா... பாசம்," என்றேன்.

"சட்டை மேலயா?"

"ஆமா."

"எனக்குத் தெரியவே தெரியாதுங்க," என்று கண் கலங்கினாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதனால் கலங்கினாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

விசாரித்ததில் பாதிதான் புரிந்தது. இந்தமுறை ஒவ்வொரு போர்வையிலும் நிஜமான சட்டைப் பை ஒன்றை அப்படியே வைத்துத் தைக்கிறார்களாம். படுத்த படுக்கையாகக் கிடக்கும் குழந்தைக்குத் தன் சாமானை வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டுமாம். ஆக, என் ஐந்து பைகளும் ஐந்து போர்வைகளில். ஏதோ ஒன்றுக்குள் என் சாவி.

"பை என்றால் உள்ளே பார்த்துத்தானே தைப்பார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்வி எனக்கு அப்போது தோன்றவில்லை. சாக்லேட் இல்லாமல் எனக்கு மூளை ஓடாது.

அந்தச் சனிக்கிழமை மனைவி நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். கூடத்தில் முதல் போர்வை சட்டத்தில் கட்டியபடி இருந்தது. நடுவில் என் நீலக் கட்டப் பை. பூனைபோல் போனேன். பொத்தானைக் கழற்றினேன். இரண்டு விரலை உள்ளே விட்டேன். மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தேன்.

யானை. துணியில் தைத்த குட்டி யானை. தும்பிக்கை, காது, வால், எல்லாம் இருந்தது. சாவிதான் இல்லை.

"யானையை எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

வாசலில் சங்கத் தலைவி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பள்ளிக்கூடத்திலிருந்துதான், அதட்டலிலிருந்து அல்ல. பின்னாலேயே நூல்கண்டுகளோடு என் மனைவி.

"சும்மா... பார்த்தேன் மேடம்," என்று யானையைப் பின்னால் மறைத்தேன்.

"போர்வையத் தொட்டீங்களா?"

"தொட்டேன்."

"அப்ப உக்காருங்க. தொட்டவங்க ஒரு வரிசையாவது தையல் போட்டாகணும். சங்கத்து விதி."

நான் மனைவியைப் பார்த்தேன். "ஆமாங்க, ரொம்பப் பழைய விதி," என்றாள்.

"நான் ஊசியைத் தொட மாட்டேன்னு..."

"அப்படின்னா எதுக்குத் தொட்டீங்கன்னு காரணம் சொல்லிட்டுப் போங்க," என்றார் தலைவி.

காரணத்தைச் சொல்வதைவிட ஊசி மேல். உட்கார்ந்தேன். ஊசியில் நூலை ஒரே முயற்சியில் கோத்தேன். சுற்றியிருந்த பெண்கள் அத்தனை பேரும் "அடேயப்பா!" என்றார்கள். அடுத்த நிமிடம் என் முன்னால் நூல் கோக்காத ஊசிகள் வரிசைகட்டி நின்றன. கைதட்டல் கேட்டால் எனக்குக் கொஞ்சம் நிதானம் தப்பும். எல்லாவற்றையும் கோத்துக் கொடுத்தேன். நான் போட்ட தையலைத் தலைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு தையல்கூடக் கோணலா இல்லை," என்றார். முப்பது வருஷமாக வாட்ச் பார்க்கிறேன், ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்லை. பெருமையாக இருந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

நடுவில் டீ வந்தது. எனக்குச் சர்க்கரை இல்லாத டீ. மற்றவர்களுக்கு டீயோடு ஒரு தட்டு. தட்டில் தங்கத்தாள் பளபளத்தது. முந்திரி வாசனை மூக்கைத் துளைத்தது.

"இது என்னம்மா?"

"உங்களுக்கு ஆகாதது."

"எங்க வாங்கின?"

"ஒரு புண்ணியவான் கொடுத்தாரு."

எல்லாரும் என்னைப் பார்த்து நன்றியோடு தலையாட்டினார்கள். ஊசி கோத்ததற்கு இவ்வளவு நன்றியா என்று குழம்பினேன். நானும் தலையாட்டினேன்.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு போர்வை. இரண்டாவதிலும் யானை. மூன்றாவதிலும் யானை. பொத்தான் தையல் தளர்ந்திருக்கிறது என்று ஏதாவது சொல்லி விரலை விடுவேன், தும்பிக்கைதான் வந்து கைகுலுக்கும். நான்காவது போர்வைக்கு நானே முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், தையலா?"

"ஒரு பொருளைத் தேடிட்டிருக்கேன்."

"ஊசியா?"

"ஊசி கையிலதான் இருக்கு."

"அப்ப எதைத் தேடுறீங்க?"

"அதைச் சொல்ல முடியாது."

"வீட்டுக்காரம்மாவைக் கேட்டுப் பாருங்களேன்."

"அவகிட்டதான் சொல்லவே முடியாது."

"நல்லா ரெஸ்ட் எடுங்க சார்," என்று சொல்லிவிட்டு ஜன்னலை அவரே சாத்திவிட்டுப் போனார்.

நான்காவதிலும் யானை. அப்படியானால் கணக்குச் சுலபம். சாவி ஐந்தாவதில். ஆனால் ஐந்தாவது போர்வையை அவசரம் என்று தலைவி தன் வீட்டிலேயே தைத்து முடித்துவிட்டார். நான் அதைப் பார்த்தபோது அது ஆஸ்பத்திரிக்குப் போகும் மூட்டையில் இருந்தது, மூட்டை என் தலையில் இருந்தது. ஆம், தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டும் என்றார்கள். நானே முந்திக்கொண்டு போனேன்.

குழந்தைகள் வார்டு. நீள அறை, இரண்டு பக்கமும் கட்டில். என் மனைவி ஒவ்வொரு போர்வையாகப் பிரித்து விரித்தாள். ஐந்தாவது, கடைசிக் கட்டிலுக்குப் போனது. அங்கே காலில் மாவுக்கட்டோடு ஒரு சின்னப் பெண். போர்த்தியதும் அவள் செய்த முதல் வேலை பொத்தானைக் கழற்றியதுதான். யானையை வெளியே எடுத்தாள். பார்த்தாள். உள்ளே வைத்தாள். மறுபடி எடுத்தாள். மறுபடி வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். எதற்கு வந்தேன் என்பது கொஞ்ச நேரம் எனக்கு மறந்தே போயிற்று.

பிறகு சாக்லேட் ஞாபகம் வந்தது. குனிந்தேன்.

"பாப்பா, மாமா ஒரே ஒரு தடவை அந்தப் பாக்கெட்ல கை விட்டுப் பார்க்கட்டுமா?"

"வேணாம்."

"ஒரே தடவை."

"யானை தூங்குது," என்று பொத்தானைப் போட்டு, மேலே உள்ளங்கையை வைத்துப் பொத்திக்கொண்டாள்.

தூங்குகிற யானையை எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. நர்ஸும் ஒருமாதிரி பார்த்தார். போகட்டும், சாவி அவளோடு இருக்கட்டும், பெட்டி என்னிடம்தானே இருக்கிறது! பூட்டை உடைக்க வேண்டியதுதான். மனைவி வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து உடைக்க வேண்டும். அன்று அவளும் தலைவியும் வார்டில் பேசிக்கொண்டு நின்றார்கள். "எனக்கு ஒரு அவசர வாட்ச் இருக்கு," என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வீடு வந்தேன்.

பெட்டியை இழுத்தேன். பெரிய திருப்புளியைப் பூட்டுக்குள் கொடுத்து நெம்பினேன். கை வலித்தது, வாய் ஊறியது. பூட்டு தெறித்தது. மூடியைத் திறந்தேன்.

உள்ளே ஒரு கத்தரிக்கோல். நூல்கண்டுகள். ஊசி குத்திவைக்கும் பஞ்சுப் பொதி. அழகாக மடித்த துணிச் சதுரங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, என்னைப் பார்த்தபடி ஒரு யானை.

இது என் பெட்டியா, வேறு யாருடையதா? மூடியைச் சாத்தி எழுத்தைப் படித்தேன். உதிரி பாகங்கள். என் கையெழுத்துதான். மறுபடி திறந்தேன். மறுபடி யானைதான்.

"பூட்டை ஏங்க உடைச்சீங்க? கேட்டா சாவி தந்திருப்பேனே."

பின்னால் மனைவி. இடுப்பிலிருந்து கொத்தை எடுத்தாள். அதில் என் சாவி.

"அது... அந்தப் பாப்பாகிட்ட இல்ல?"

"எந்தப் பாப்பா? சட்டையத் துவைக்கப் போடும்போதே எடுத்துட்டேன். பாக்கெட்டைப் பார்க்காம யாராவது துணியைத் துவைப்பாங்களா?"

"அப்ப நாலு வாரமா நான்..."

"அழகாத் தைச்சீங்க. கேட்டா வர மாட்டீங்க. சாவியத் தேடி வந்தீங்க."

"உள்ள இருந்த உதிரி பாகம்?"

"சனிக்கிழமை டீக்கு வச்சேனே. புண்ணியவான் பேரைச் சொல்லித்தான் எல்லாரும் சாப்பிட்டாங்க. நீங்ககூடத் தலையாட்டுனீங்களே."

சோபாவில் உட்காரலாம் என்று திரும்பினேன். சோபாவின் மேல் மரச்சட்டம்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்," என்றேன். எனக்கென்று ஏதாவது ஒன்று மிச்சம் வேண்டுமல்லவா? "அந்த விதியாவது நிஜம்தானே? தொட்டவங்க தைக்கணும்ங்கிறது?"

"நிஜம்தாங்க. நீங்க யானையோட நின்னீங்கல்ல, அப்பவே தலைவியும் நானும் கண்ணாலயே பேசி அந்த விதியைப் போட்டுட்டோம்."

அவள் துணிச் சதுரங்களை எடுத்து மேசையில் பரப்பினாள். அடுத்தது பெரியவர்கள் வார்டுக்காம், முப்பது போர்வையாம். பரப்பிக்கொண்டே என் மார்பைப் பார்த்தாள். என் உடம்பில் இருந்தது கடைசி நீலக் கட்டம்.

"ஏங்க, இதுவும் பழசாயிடுச்சே, எடுத்துக்கட்டுமா?"

இந்தமுறை கண்ணில் பூதக்கண்ணாடி இல்லை, கையில் வாட்ச் இல்லை, ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் காதில் விழுந்தது.

"உம்," என்றேன்.