மீட்டரை எடுத்தால் ஊமையாகும் பெட்டி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

செவ்லியேவோ ஊரிலிருந்து, ஓய்வுபெற்ற தபால்காரன் கென்சோ மினேவ் வணக்கத்துடன் எழுதுவது. நானும் வீட்டாரும் நலம். தங்கள் நலமும், தங்கள் இதழில் சர்க்யூட் படம் வரைபவரின் நலமும் அறிய ஆவல். அவரோடுதான் எனக்கு வழக்கு.

வரும் சனிக்கிழமை எங்கள் வாசகசாலையில் என் மனைவி தோன்காவின் குழு பாடுகிறது. கடைசி பெஞ்சுவரை அவள் குரல் கேட்கும் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டேன். தாங்கள் எழுதியபடியே, ஆம்பிளிஃபயரில் டிரான்சிஸ்டருக்குச் சுமையாக இருந்த ரெசிஸ்டரைப் பிடுங்கிவிட்டு, எப்போதும் ஒரே அளவு கரண்ட் தரும் இன்னொரு டிரான்சிஸ்டரை அங்கே வைத்தேன். ஒலி பல மடங்கு பெருகும் என்றீர்கள். வந்ததோ, மூச்சுப் பேச்சில்லை. மேலே இருப்பவர் 'இவ்வளவுதான் தருவேன்' என்கிறார், கீழே இருப்பவர் 'இவ்வளவுதான் வாங்குவேன்' என்கிறார், இருவருக்கும் ஒத்துவராமல் வோல்டேஜ் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டது. என்னடா இது என்று பக்கத்து வீட்டு விட்கோவின் முள் மீட்டரை இரவல் வாங்கி அந்த இடத்தில் வைத்தால், சார், வோல்டேஜ் நல்ல பிள்ளையாக இறங்கி நடுவில் நிற்கிறது, பெட்டி அலறுகிறது, மாடியில் யாரோ குடைமிளகாய் சுடுகிற சத்தம்கூடக் கேட்கிறது! மீட்டரை எடுத்தால் மறுபடி ஊமை. யாராவது அளந்து பார்த்தால்தான் வேலை செய்வேன் என்றால் இது ஆம்பிளிஃபயரா, அரசாங்க ஆபீஸா? எனக்குத் தலை சுத்துது சார்.

இப்போது விட்கோ வாசலில் நிற்கிறான்.

"மீட்டர் இரவல் வாங்கினா அளந்துட்டுத் திருப்பிக் குடுக்கணும் கென்சோ. நீ என்னடான்னா அதைக் குடி வச்சுட்டே!"

"அளந்துகிட்டேதான்டா இருக்கேன்!"

அந்த மீட்டர் அப்படி என்னதான் செய்கிறது? சனிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் நான் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

தங்கள் வீட்டில் ராக்கியாச் சாராயத்துக்கும் சுட்ட மிளகாய்க்கும் என்றும் குறைவில்லாதிருக்கட்டும்.

தங்கள் பழைய வாசகன்,
கென்சோ மினேவ்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஒத்திகை வந்துவிட்டது. மைக் மேடையில், பெட்டி, மீட்டர், ஸ்பீக்கர் எல்லாம் என்னோடு பின்னறையில். மேடையில் தோன்கா தோழியிடம் கிசுகிசுத்தது ஸ்பீக்கர் வழியே எனக்கு மட்டும் தெளிவாகக் கேட்டது: "எனக்கு எதுக்குடி மைக்? நான் தொண்டையைத் தொறந்தா அடுத்த ஊருக்கே கேக்கும். வேலையை விட்டு வந்ததுலேருந்து மனுஷன் இப்பத்தான் சிரிக்கிறாரு. அவர்கிட்ட எதையும் சொல்லித் தொலைச்சுடாதே." எனக்கு அழுகை வந்துவிட்டது, சார். மேலே கேட்டதையெல்லாம் விட்டுவிடுங்கள். இந்தப் பெட்டிக்கு இவ்வளவு காது கேட்கக்கூடாது. அதைக் குறைப்பது எப்படி என்று மட்டும் எழுதுங்கள்.