பனிக்காலத்தில் கொழுத்த பிள்ளைகள்

கம்பியூட்டரில் வந்துவிட்டால் அது உண்மைதான் என்று நம்பிய ஆட்களில் நானும் ஒருத்தி. (நம்பினேன் என்பதைவிட, அதை வைத்துப் பந்தா காட்டினேன் என்பதே சரி.)

பதுளையில் அது எனக்கு முதல் வேலை. ஊவா மாகாணத்தில் ஒரே வருஷம் பிறந்த பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று ஓர் ஆராய்ச்சி. யாரையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. பிறப்புப் பதிவு, கிளினிக்கில் எழுதிய எடை, ஆஸ்பத்திரி விவரம் எல்லாம் அரசாங்கத்திடம் ஏற்கனவே இருந்தன. பிள்ளைவாரியாக அவற்றை இணைத்தால் போதும். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் கொழுந்து பறிக்க மலையேறாமல் சம்பளம் வாங்கும் முதல் ஆள் நான்தான் என்று பூரித்துப்போனேன்.

இணைத்துப் பார்த்தால் அதிசயம். அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் பனி மாதங்களில் எடை கூடினார்கள், வெயில் வந்ததும் இளைத்தார்கள். குளிர் இவர்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்று முடிவு கட்டினேன். அந்த மாதங்களில் இவர்களுக்குக் கொடுக்கும் சத்துமாவை நிறுத்தலாம் என்று அறிக்கையும் எழுதினேன். அதை ஏற்பதா என்று முடிவெடுக்க எங்கள் பெரிய டொக்டர் கூட்டம் வைத்தார்.

சும்மா இருந்தேனா? சாட்சிக்கு அக்காவையும் அவள் கைப்பிள்ளை கவினையும் அப்புத்தளையிலிருந்து பஸ்ஸில் வரவழைத்தேன். கணக்கில் அவன் நல்ல எடை. டொக்டர் தராசைக் கொண்டுவரச் சொன்னார். அக்கா அவனை அப்படியே தூக்கி வைத்தாள்.

உடுப்பைக் கழற்றுவதில்லையா என்று டொக்டர் கேட்டார்.

“எங்க பக்கத்துக் குளிர்ல யாருங்க கழட்டுவாங்க? பனி மாசத்துல இப்படியேதாங்க நிறுப்பாங்க.”

பதுளையில்தான் குளிர் இல்லையே, கழற்றுங்கள் என்றார் டொக்டர். குல்லா போனது. மப்ளர் போனது. ஒரு ஸ்வெட்டர், அதற்குள் இன்னொரு ஸ்வெட்டர் (பண்டாரவளையில் நான் ஆசையாக வாங்கிக் கொடுத்தது), அதற்கும் உள்ளே ஒரு கம்பளிச் சட்டை. ஒவ்வொன்றுக்கும் முள் இறங்கியது. கடைசியில் தராசில் கிடந்த பிள்ளைக்கு விலா எலும்பு தெரிந்தது.

இந்தப் பிள்ளையின் சத்துமாவைத்தான் நான் நிறுத்தச் சொல்லியிருந்தேன்.

“குளிப்பாட்டுறப்ப எல்லாம் மெலிஞ்சிருக்கானேன்னு நினைப்பேன்,” என்றாள் அக்கா, தணிந்த குரலில். “நீதானே கம்பியூட்டர்ல நல்லா இருக்கான்னு சொன்ன?”

டொக்டர் அறிக்கையை என்னிடமே திருப்பித் தந்தார். சத்துமா நிற்கவில்லை, கிளினிக்குகளில் கதவைச் சாத்தி, உடுப்பைக் கழற்றி நிறுக்க உத்தரவு போனது.

கவின் இப்போது பள்ளிக்கூடம் போகிறான், நன்றாகத் தேறிவிட்டான். நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். ஆனால் வீட்டில் எதைப் பற்றியாவது அடித்துச் சொல்ல வாயெடுத்தால் போதும், அக்கா சமையலறையிலிருந்தே கேட்பாள்:

“ஸ்வெட்டரக் கழட்டிப் பாத்தியா?”